பள்ளி முடிந்த பிறகு என்ன? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெரியவர் வாழ்க்கைக்குத் தயார்செய்வது பற்றி கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள 12 வயது முதல் 20 வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் சிறப்பாசிரியர்களுக்காகவும் இந்தப் பக்கம்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

14 வயதில். 17 வயதில் தொடங்கினால் நேரம் போதாது. குளிப்பது, கடைக்குப் போவது போன்ற ஒவ்வொரு திறனும் முழுதாகக் கைவரப் பல மாதங்கள் ஆகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. அதன் பிறகு காலை 9 மணிக்கு வாசலில் பள்ளி வேன் நிற்காது. அன்றாடத்தைப் பிள்ளையே நடத்த வேண்டியிருக்கும், அல்லது வீட்டில் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு நடத்த வேண்டியிருக்கும்.

14 வயது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்கள் 14 வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்க்கின்றன. எந்த மையத்தில் இடம் இருக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள் என்பதை அப்போதே போய்ப் பார்த்துவைப்பது நல்லது.

பள்ளியில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது பள்ளி உங்கள் பிள்ளைக்கென்று தனியாக எழுதிவைக்கும் இலக்குகளின் திட்டத்தை, வாங்கிப் படியுங்கள். "பண அறிவு மேம்படும்", "சமூகத் திறன் வளரும்" என்று எழுதியிருந்தால் அது இலக்கே அல்ல. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "தெருமுனைக் கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று வாங்கி வருவாள், யாரும் கூடப் போகாமல், வாரத்தில் 5 நாளில் 4 நாள்" என்று இருந்தால் அது இலக்கு. என்ன வேலை, எந்த இடம், எவ்வளவு உதவி, எத்தனை முறை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

16 வயதுப் பையன் இன்னமும் படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் மணி கோப்பதுமாக இருந்தால் கட்டாயம் காரணம் கேளுங்கள். மணி கோப்பதைக் குறை சொல்லவில்லை. விரலுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் 8 வயதில் செய்ததையே 16 வயதிலும் செய்துகொண்டிருந்தால் இடைப்பட்ட 8 ஆண்டு வீணாகிவிட்டது.

எழுத்தும் எண்ணும் இன்னும் வரவில்லை. நிறுத்திவிடலாமா?

பாடப்புத்தகம் வழியாகச் சொல்லித்தருவதை நிறுத்தலாம். அன்றாடம் கண்ணில் படும் சொற்களை நிறுத்த வேண்டாம்: ஆண்கள், பெண்கள், அபாயம், திறந்திருக்கிறது, தன் பெயர், தன் ஊர்ப்பெயர், தான் ஏறும் பேருந்தின் எண். இப்படி 20 சொற்களைப் படமாக அடையாளம் கண்டால் போதும், எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. ஓரளவு படிக்கிற பிள்ளை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதும் வாய்ப்பை விசாரியுங்கள்.

குளிப்பதற்கு, பல் துலக்குவதற்கு இன்னமும் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது. எப்படி மாற்றுவது?

பல வீடுகளில் பிள்ளைக்குக் குளிக்கத் தெரியும். ஆனால் அம்மா குரல் கேட்டால்தான் அடுத்த படிக்கு நகரும். "சோப்பு எடு, தேய், முதுகு, தண்ணி ஊத்து" என்று நாம் சொல்லச் சொல்ல, அந்தக் குரலே குளியலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உதவிகளிலேயே விலக்குவதற்கு மிகக் கடினமானது வாய்ச்சொல்தான். சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

செய்முறை இது. முதலில் குளியலை 10 அல்லது 12 படிகளாகப் பிரித்து எழுதுங்கள்: வாளியில் உள்ளே கோடு போட்ட அளவு வரை தண்ணீர் நிரப்புவது, உடை கழற்றிக் கூடையில் போடுவது, உடம்பில் 4 குவளை ஊற்றுவது, சோப்பை மேலிருந்து கீழாகக் கழுத்து, கை, அக்குள், மார்பு, வயிறு, தொடையிடுக்கு, கால் என்று தேய்ப்பது, மறுபடி ஊற்றுவது, துவட்டுவது, உடுத்துவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்து, லேமினேட் செய்து, நனையாத உயரத்தில் வரிசையாக ஒட்டுங்கள்.

பிறகு கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் உதவிவிட்டு, துவட்டி உடுத்துவதை மட்டும் அவனிடம் விட்டுவிடுங்கள். தானே முடித்த நிறைவோடு அவன் வெளியே வருவான். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. உதவும்போது எதிரே நிற்காமல் பின்னால் நின்று கையைப் பிடித்துச் செய்யவையுங்கள். முன்னால் நின்றால் பிள்ளை படத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்க்கும்.

ஒரு நோட்டில் தினமும் ஒவ்வொரு படிக்கும் குறி போடுங்கள்: கைபிடித்துச் செய்தால் "கை", சைகை காட்டினால் "சை", சொன்னால் "சொ", தானாகச் செய்தால் "தா". ஒரு படிக்கு 3 நாள் தொடர்ந்து "தா" விழுந்தால் அடுத்ததற்குப் போங்கள். 2 வாரமாக ஒரே படியில் "சொ" விழுந்துகொண்டிருந்தால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள், அதை இரண்டாகப் பிரியுங்கள்.

பெரும்பாலும் இது தவறிப்போவது நேரத்தால்தான். காலை 7.30 மணிக்கு வேன் வந்துவிடும் என்ற பதற்றத்தில் யாராலும் காத்திருக்க முடியாது, அள்ளி ஊற்றிவிடுவோம். அதனால் கற்றுக்கொடுப்பதை மாலைக் குளியலில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உதவுவது தப்பில்லை. வீட்டில் நன்றாகக் குளிப்பவன் மாமா வீட்டில் நின்றுவிட்டாலும் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குவளை வேறு, குழாய் வேறு, அவ்வளவுதான். அதே படங்களின் இன்னொரு பிரதியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கையாளக் கற்றுக்கொடுப்பது எப்படி? கூட்டல் கழித்தல் தெரியாதே.

தெரிய வேண்டாம். "அடுத்த பத்து" முறையைப் பழக்குங்கள். கடைக்காரர் 37 ரூபாய் என்றால், "முப்பது" என்ற சொல்லைக் கேட்டு மூன்று பத்து ரூபாய் நோட்டு, மேலே இன்னொன்று. மொத்தம் நான்கு. மீதி எவ்வளவு என்று கணக்குப்போட வேண்டியதில்லை, "மீதி வாங்கினேன்" என்பது பழகினால் போதும். கடைக்காரரின் கையிலிருந்து மீதி வரும்வரை நகராமல் நிற்பதையும் ஒரு படியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலிருந்தே நிஜப் பணத்தில் பழக்குங்கள். விளையாட்டு நோட்டில் கற்றது கடையில் வராது. நாணயத்தைவிட 10 ரூபாய் நோட்டு நல்லது. 10 ரூபாய் நாணயம் செல்லும் என்றாலும் அதை வாங்க மறுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, அங்கே பிள்ளை குழம்பி நின்றுவிடும்.

செல்பேசியில் பணம் செலுத்தச் சொல்லித்தரலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். எண்களைத் தட்டத் தெரிந்த பிள்ளைக்கு நோட்டு எண்ணுவதைவிட அது எளிது. ஆனால் அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அதில் ஒரு வாரச் செலவுக்கு மேல் பணம் இருக்கக் கூடாது. உதவித்தொகை வரும் கணக்கை ஒருபோதும் அதனுடன் இணைக்காதீர்கள். ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடும் பிள்ளைகள் இவர்கள்.

தனியாகப் பேருந்தில் அனுப்ப முடியுமா?

எல்லோரையும் அல்ல, ஆனால் வீட்டார் நினைப்பதைவிட அதிகம் பேரை அனுப்ப முடியும். ஒரே ஒரு வழித்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, மஞ்சக்குப்பத்தில் ஏறி திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்குவது. கடைசி நிறுத்தமாக இருப்பது நல்லது, எங்கே இறங்குவது என்ற கேள்வியே எழாது.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். பிறகு இரண்டு இருக்கை பின்னால். பிறகு அவன் ஏறிய பேருந்தில் நீங்கள் ஏறாமல், வண்டியில் பின்னாலேயே போங்கள். அதன் பிறகு, ஏறும் இடத்தில் ஒருவர், இறங்கும் இடத்தில் இன்னொருவர். கடைசியாக, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 5 முறை சரியாக நடந்த பிறகே அடுத்தது.

வழக்கமான பயணத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். வழக்கம் மாறும் நாளில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே நிறுத்தத்தைத் தவறவிடுவதை வேண்டுமென்றே ஒத்திகை பாருங்கள்: நடத்துநரிடம் போய்ச் சட்டைப்பையில் உள்ள அட்டையைக் காட்டுவது. அட்டையில் பெயர், இறங்கும் இடம், இரண்டு தொலைபேசி எண்கள் மட்டும் இருக்கட்டும், வீட்டு முகவரி வேண்டாம். வெளியூர்க்காரர் கையில் அட்டை சிக்கினால் முகவரி ஆபத்து. புதுச்சேரிப் பக்கம் தனியார் நகரப் பேருந்துகள் நிறைய. வண்டியின் தோற்றத்தை வைத்து அடையாளம் காணப் பழகிய பிள்ளை அங்கே ஏமாறும், முகப்புப் பலகையில் உள்ள ஊர்ப்பெயரைக் காட்டிப் பழக்குங்கள்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. ரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு.

மகளின் மாதவிடாயை எப்படிப் பழக்குவது? கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள் சிலர்.

நாப்கின் மாற்றுவதற்காக ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுப்பது தவறு. மருத்துவக் காரணம் இருந்தால் மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும்.

முதல் மாதவிடாய்க்கு முன்பே தொடங்குங்கள். உள்ளாடையில் நாப்கின் வைக்கும் இடத்தை வண்ண நூலால் தைத்து எல்லை காட்டுங்கள். மாதவிடாய் இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் நாப்கின் வைத்துக்கொள்ளப் பழக்குங்கள். ஆட்டிசம் உள்ள பெண்கள் பலருக்கு அந்த உரசலே தாங்காது, அப்போது துணி உறையுள்ள வகையையோ மாதவிடாய் உள்ளாடையையோ முயன்று பாருங்கள். நனைந்ததா என்று பார்த்து மாற்றச் சொல்வது கடினம், கடிகாரத்தைப் பார்த்து மாற்றுவது எளிது. எழுந்ததும், பள்ளி இடைவேளையில், மதியம், மாலை, படுக்கும் முன். தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போடுவதும் கைகழுவுவதும் சேர்ந்ததுதான் ஒரு சுற்று. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அடிப்பதும் அழுவதும் கூடினால் நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லத் தெரியாத வயிற்றுவலியாக இருக்கலாம்.

மகன் எல்லோர் முன்னிலையிலும் பிறப்புறுப்பைத் தொடுகிறான்.

அடிப்பதாலும் அதட்டுவதாலும் நிற்காது, மறைவுக்குப் போகும் அல்லது கோபமாக மாறும். உடம்பு வளர்ந்துவிட்டது, அது இயல்பு. கற்றுக்கொடுக்க வேண்டியது இடம். "உன் அறை, கதவு சாத்தி" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள், உடனே அங்கே அழைத்துப் போங்கள். அதற்கு முன் அரிப்பு, பூஞ்சைத் தொற்று, இறுக்கமான உடை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் தொடையிடுக்குப் படைதான் பல நேரம் காரணம்.

வீட்டுக்கு வருகிறவரை எல்லாம் கட்டிப்பிடிக்கும் பழக்கத்தை 10 வயதிலேயே கைகூப்புவதாக மாற்றுங்கள். 6 வயதில் கொஞ்சிய அதே பழக்கத்தை 19 வயதில் ஊர் வேறு விதமாகப் பார்க்கும், தவறாகப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆளிருக்கும். "வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். அதற்கு நாம் முதலில் அவர்கள் சொல்லும் "வேண்டாம்" என்பதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தொழில் ஏற்றது?

தொழிலுக்கு முன் தொழில் பழக்கம். 45 நிமிடம் ஒரு வேலையில் இருப்பது, முடிந்ததும் "முடிந்தது" என்று தெரிவிப்பது, தவறாகிவிட்டால் கத்தாமல் உதவி கேட்பது, கழிவறைக்குச் சொல்லிவிட்டுப் போவது. வேலையை இழக்கிறவர்கள் பெரும்பாலும் கைத்திறன் குறைவால் இழப்பதில்லை, இவற்றால்தான்.

பிறகு, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். புதுச்சேரியில் ஊதுவத்தி, கையால் செய்யும் தாள், பேக்கரி, விடுதிகளின் சலவைப் பிரிவு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி. முந்திரியில் ஓடு உடைக்கும் வேலைக்கு அனுப்ப வேண்டாம். ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், எரிச்சலைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அது கொடுமை. தோல் நீக்கிய பருப்பை முழுசு, பாதி, உடைசல் என்று தரம் பிரிப்பதும் பொட்டலம் போடுவதும் ஏற்றவை. பாக்குமட்டைத் தட்டு செய்யும் இடத்தில் சூடான அச்சு இருக்கிறது. வலிப்பு வரும் பிள்ளையை அச்சின் முன் உட்காரவைக்காமல், மட்டை கழுவவும் தட்டு அடுக்கவும் விடுங்கள்.

எண்ணத் தெரியாதவருக்கு அளவுச்சட்டம் செய்துகொடுங்கள். 10 ஊதுவத்தி ஒரு பொட்டலம் என்றால், 10 பள்ளம் வெட்டிய பலகை. பள்ளம் நிறைந்தால் பொட்டலம் தயார். எடை போட, முள் தராசில் 250 கிராம் இடத்தில் பச்சை நாடா ஒட்டுங்கள், முள் பச்சையைத் தொட்டால் நிறுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. இதைச் செய்யாமல் "இவனுக்கு எண்ணத் தெரியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். இதை நம்பி மட்டும் காத்திருக்க வேண்டாம்.

முதலாளியிடம் என்ன பேசுவது?

இரக்கம் கேட்காதீர்கள். எந்த வேலையைச் செய்வான், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, என்ன உதவி தேவை என்று சொல்லுங்கள். முதல் 2 வாரம் பயிற்சியாளர் ஒருவர் கூட இருப்பார், பிறகு படிப்படியாக விலகுவார் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். 3 மணி நேரத்தில் தொடங்கலாம். கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதல் மாதத்திலிருந்தே வேண்டும், அவன் கணக்குக்கே வர வேண்டும். "பொழுதுபோக்குக்கு வரட்டும்" என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் கூலியில்லா வேலையாக நீளும்.

தீவிரக் குறைபாடு. வேலைக்கே போக முடியாது என்றால்?

அப்போதும் ஒரு நாளுக்கு வடிவம் வேண்டும். வீட்டுக்குப் பயன்படும் ஒரு வேலை, உடம்பு அசையும் ஒரு நேரம், வெளியே போகும் ஒரு நேரம், தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பொருள். துணியை வாளியிலிருந்து எடுத்து நீட்டுவதும் பங்கேற்புதான். பேசாத பிள்ளைக்கு "வேண்டும், வேண்டாம், வலிக்கிறது, கழிவறை" என்ற நான்கு படங்களாவது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சரியாகாது. மறைத்துச் செய்வது இரண்டு பேருக்கும் செய்யும் துரோகம். அவர்களே விரும்பி, புரிந்து, துணை நிற்க இரு குடும்பமும் தயாராக இருந்தால் அது வேறு.

மருத்துவத்தில் என்ன மாறும்?

குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாற வேண்டும். ஜிப்மரிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதிய மருத்துவர் பார்க்கும்போது அவருக்கு 18 ஆண்டு வரலாறு தெரியாது. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நோயறிதல், இப்போதைய மருந்தும் அளவும், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து, வலிப்பு கடைசியாக வந்தது எப்போது, வலித்தால் பிள்ளை எப்படிக் காட்டும். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் ஆண்டுக்கொரு முறை தைராய்டு பரிசோதனை அவசியம். சோர்வையும் எடை கூடுவதையும் "சோம்பல்" என்று விட்டுவிடுகிறார்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவமனை.

18 வயதானதும் என்னென்ன காகிதம்?

மருத்துவச் சான்றிதழை முதலில் புதுப்பியுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறு வயதில் தருவது தற்காலிகச் சான்றிதழ். 18 வயதில் மறுமதிப்பீடு செய்து பெறுவதே வாழ்நாள் முழுதும் செல்லும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் (UDID) அதற்கேற்பத் திருத்துங்கள். இதை விட்டுவிட்டு உதவித்தொகை நின்றபின் அலைகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்.

அடுத்தது, பாதுகாவலர். 18 நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் போகத் தேவையில்லை. சான்றிதழ் வந்த 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கையும் தர வேண்டும். இந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. தன் முடிவைத் துணையோடு தானே எடுக்கக்கூடிய பிள்ளைக்குப் பாதுகாவலர் தேவையில்லை, எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேருங்கள். மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் தவிர வாக்குரிமை பறிபோகாது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் தரும். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

வீடு கடலூரில், பள்ளி புதுச்சேரியில். யாரிடம் போவது?

குடும்ப அட்டையும் ஆதார் முகவரியும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். முள்ளோடை தாண்டினால் அரசு மாறிவிடுகிறது: கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், புதுச்சேரியில் சமூக நலத்துறை. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுதும் செல்லும். உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் அப்படியல்ல. இரண்டு பக்கமும் விண்ணப்பித்துவைத்தால் பின்னால் இரண்டுமே சிக்கலாகும்.

எங்களுக்குப் பிறகு?

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி குறைபாட்டைக் காரணம் காட்டிச் சொத்துரிமையை மறுக்க முடியாது. ஆனால் பிள்ளை பெயரில் மட்டும் வைப்புத்தொகை போட்டுவிட்டால், பாதுகாவலர் இல்லாத நிலையில் அதை எடுப்பது கடினம். உயில் எழுதுங்கள். அடுத்த பாதுகாவலராக நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்பதையும் அதில் சொல்லுங்கள். அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே துறைக்கு எழுதிக்கொடுத்துப் பெயரைப் பதிவு செய்யுங்கள். இது பின்னால் செய்ய மிகவும் அலைய வேண்டிய வேலை.

அண்ணன் தங்கையிடம் "நீதான் பார்த்துக்கணும்" என்று சத்தியம் வாங்குவதைவிட, எவ்வளவு பணம் இருக்கும், எந்த மையம், எந்த நாட்களில் அவர்கள் பங்கு என்று உட்கார்ந்து பேசுவது மேல். 18 வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது பிள்ளை உங்களைப் பிரிந்து உறவினர் வீட்டிலோ குறுகியகாலத் தங்கல் மையத்திலோ இரவு தங்கட்டும். முதன்முதலாகப் பிரிவது உங்கள் மரணத்தன்றாக இருக்கக் கூடாது.

புயல் காலத்துக்கு என்ன ஏற்பாடு?

2011 டிசம்பர் 30 அன்று "தானே", 2024 நவம்பர் 30 அன்று "ஃபெஞ்சல்" என்று நம் கரையைத் தேடி வந்த புயல்கள் உண்டு. மின்சாரம் இல்லாத நாட்களில் இந்தப் பிள்ளைகளின் வழக்கம் மொத்தமும் உடையும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பையைத் தயார் செய்யுங்கள்: 15 நாள் வலிப்பு மருந்து (ஒரு நாள்கூட விடுபடக் கூடாது), மருந்துச் சீட்டு, அடையாள அட்டையின் நகல், நாப்கின், காதை மூடும் ஒலித்தடுப்பான், கைவிளக்கு, பிடித்த ஒரு பொருள். முகாமாகத் திறக்கப்படும் பள்ளிக்கூடத்தை முன்பே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். முகாமுக்குப் போக நேர்ந்தால் கூட்டம் சேருமுன் போய், கழிவறைக்கு அருகில், சுவர் ஓரமாக இடம் பிடியுங்கள்.